சவூதியில் வீட்டுக் கார் ஓட்டிய சகோதரர்களுக்கு ஒரு திறந்த மடல்



ரியாதிலும் ஜித்தாவிலும் தம்மாமிலும் ஹவுஸ் டிரைவராக வேலை பார்த்து ஊர் திரும்பியவர்களுக்கும், இன்றும் அங்கே கஃபீல் (வேலைக்கு எடுத்த முதலாளி) வீட்டை ஒட்டிய சிறிய அறையில் தங்கி அதே வேலையைச் செய்துகொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பெண்கள் கார் ஓட்டக்கூடாது என்று சவூதி அரேபியா வைத்திருந்த தடையைப் பற்றி உலகமே பேசியிருக்கிறது. மார்க்க அறிஞர்கள் பேசினார்கள், இளவரசர்கள் பேசினார்கள், அந்தத் தடையை மீறிச் சிறைக்குப் போன பெண்களும் பேசினார்கள். ஆனால் அது நாள்தோறும் நடைமுறையில் இருந்ததே உங்கள் உழைப்பால்தான். அந்த நாட்டுப் பெண்கள் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் உறவினர் வீட்டுக்கும் போக வேண்டுமானால், தமிழ்நாட்டிலிருந்தோ கேரளத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ பாகிஸ்தானிலிருந்தோ வந்த ஓர் ஆண் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியிருந்தது. உங்கள் சாட்சியத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை. தடைதான் 2018 ஜூன் 24-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். அந்த ஒழுங்கு பெண்களைப் பாதுகாப்பதற்காக ஏற்பட்டது என்று நம்புகிறவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அது எதைப் பாதுகாத்தது என்பது உங்கள் வேலையிலேயே எழுதியிருக்கிறது என்பது என் வாதம்.

தடை பிறந்த விதத்தை முதலில் பார்ப்போம். நெடுங்காலம் அதற்குச் சட்டப் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. பெண்ணுக்கு லைசென்ஸ் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். பாலைவனத்திலும் தொலைதூரக் கிராமங்களிலும் பதூயின் பெண்கள் பிக்கப் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு தப்பி வந்த குவைத்துப் பெண்கள் தாங்களே ஓட்டிக்கொண்டு எல்லையைக் கடந்தார்கள். சவூதி மண்ணில் முகாமிட்ட அமெரிக்கப் படையில் பெண் வீரர்களும் வண்டி ஓட்டினார்கள். இவற்றையெல்லாம் பார்த்த பிறகு, அந்த ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி 47 சவூதிப் பெண்கள் ரியாத் தெருக்களில் அணிவகுத்துக் கார் ஓட்டினார்கள். வெளிநாட்டில் படித்து அங்கேயே லைசென்ஸ் வாங்கியவர்கள், கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் பலர் அதில் இருந்தார்கள். அவர்களைப் பிடித்து வைத்தார்கள், பாஸ்போர்ட்டைப் பறித்தார்கள், அரசு வேலையில் இருந்தவர்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பெயர் போட்டுத் தூற்றும் துண்டறிக்கைகள் ஊரெங்கும் பரவின. இத்தனைக்கும் பிறகுதான் உள்துறை அமைச்சகம் தடையை வெளிப்படையாக அறிவித்தது. அந்நாளின் பெரிய மார்க்க அறிஞரான அப்துல் அஸீஸ் பின் பாஸின் ஃபத்வாவும் அதற்குத் துணையாக வந்தது. பெண் காரோட்டினால் அந்நிய ஆண்களோடு கலக்க நேரும், தனித்திருக்க நேரும், திரை விலகும் என்பது அதில் சொல்லப்பட்ட காரணம்.

அந்நிய ஆணோடு தனித்திருப்பது என்ற இந்தக் காரணத்தை நீங்கள் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். மஹ்ரம், அதாவது மணம் முடிக்க விலக்கப்பட்ட நெருங்கிய உறவினர், அல்லாத ஆணும் பெண்ணும் பிறர் இல்லாத இடத்தில் தனித்திருக்கக் கூடாது என்பது மார்க்கத்தில் உள்ள நெறி. அதை மதிக்கிறவர்களிடம் நான் வாதாட வரவில்லை. கார் ஓட்டத் தெரிந்த பெண் தன் காரில் தனியாகப் போனால் அங்கே அந்நிய ஆணே இல்லை. அவளை ஓட்டவிடாமல் தடுத்தவுடன் அதே காரில் ஓர் அந்நிய ஆண் வந்து உட்காருகிறார். நீங்கள்தான் அவர். தனித்திருப்பதைத் தடுக்கப் போட்ட விதி, தனித்திருப்பதை லட்சக்கணக்கான வீடுகளில் அன்றாட வழக்கமாக்கியது. இந்த முரண்பாடு அங்கிருந்த அறிஞர்களுக்கும் தெரியாமல் இல்லை. வீட்டுக்குள் வந்துபோகும் அந்நிய ஆண்களைத் தாய்ப்பால் கொடுத்துப் பால்குடி உறவாக்கிக்கொள்ளலாம் என்று 2010-இல் அப்துல் முஹ்சின் அல் உபைகான் என்ற அறிஞர் கருத்துச் சொன்னார். அப்படியானால் எங்கள் டிரைவர்களையும் பிள்ளைகளாக்கிக் கொள்ளவா, அல்லது எங்களையே ஓட்ட விடுகிறீர்களா என்று சவூதிப் பெண்கள் சிலர் திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் எவரிடமும் இருக்கவில்லை. உள்ளாடைக் கடைகளின் கதையும் இதுவேதான். ஆண்–பெண் பிரிவினையை அவ்வளவு கறாராகப் பேணிய நாட்டில், பெண்ணைக் கடையில் வேலைக்கு வைக்கக்கூடாது என்பதற்காக, பெண்களின் உள்ளாடைகளை ஆண்களே விற்றார்கள்; அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளிகள். ரீம் அஸ்அத் என்ற நிதியியல் ஆசிரியை 2008-இல் தொடங்கி இதை எதிர்த்து இயக்கம் நடத்தினார். 2011-இல் மன்னர் அப்துல்லாவின் ஆணை வந்து, 2012 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்த பிறகே அந்தக் கடைகளில் பெண்கள் விற்பனைக்கு நின்றார்கள்.

கார், கடை என்ற இந்த இரண்டு இடங்களிலும் அந்நிய ஆண் பெண்ணுக்கு மிக அருகில் இருந்தார். யாருக்கும் அது உறுத்தவில்லை. பெண் தானாக நகர்வதும் தானாகச் சம்பாதிப்பதும்தான் உறுத்தின. ஆகவே அந்த ஒழுங்கு காவல் காத்தது பெண்ணின் கண்ணியத்தை என்று என்னால் நம்ப முடியவில்லை. யார் எங்கே, எப்போது போகலாம் என்று அனுமதி கொடுக்கும் உரிமை யார் கையில் இருக்கிறதோ, அந்தக் கையைத்தான் அது காத்தது. பக்கத்தில் இருந்த அந்நிய ஆண் ஏன் உறுத்தவில்லை என்பதற்கான பதில் உங்களைப் பற்றியது, கேட்க வலிக்கும் பதில். உங்கள் இகாமா (தங்கும் அனுமதி) கஃபீலின் கையில் இருந்தது. அவர் எக்ஸிட் ரீ-என்ட்ரி (போய்வரும் அனுமதி) போடாமல் நீங்கள் ஊருக்கு வர முடியாது. வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று அவர் ஹுரூப் கொடுத்தால் அன்றைக்கே நீங்கள் குற்றவாளி. அப்படி முழுக்கக் கட்டுப்பட்ட மனிதரை அந்த ஒழுங்கு ஓர் ஆணாகவே கணக்கில் எடுக்கவில்லை. காரின் ஓர் உறுப்பாக எடுத்துக்கொண்டது.

பின் இருக்கையில் இருந்தவரின் நிலையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தந்தையோ கணவரோ சகோதரரோ, சில வீடுகளில் பெற்ற மகனோ, அவருக்கு வலீ, அதாவது பொறுப்பாளர். பாஸ்போர்ட் எடுக்கவும் வெளிநாடு போகவும் அந்தப் பொறுப்பாளரின் சம்மதம் வேண்டியிருந்தது. வீட்டை விட்டுப் போய்விட்டால், காணவில்லை என்று அவர் புகார் கொடுத்துப் போலீசைக் கொண்டு திரும்ப அழைத்துவர முடிந்தது. உங்கள் ஹுரூபும் அந்தப் புகாரும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை. அப்ஷர் என்ற அரசுச் செயலியில் ஒரு சவூதி ஆண் தன் மனைவியும் மகளும் வெளிநாடு போக அனுமதி கொடுத்தார்; தன் டிரைவர் ஊருக்குப் போகவும் அதே செயலியில் அனுமதி கொடுத்தார். இரண்டு நிலையும் முற்றிலும் சமம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெண் எஜமானி, உங்களைக் கடிந்துகொள்ளவும் நேரம் காலமில்லாமல் அழைக்கவும் அவரால் முடிந்தது. சம்பளம் நிறுத்தப்பட்டால் நீங்கள் போய் நிற்க இடமில்லை. அப்படியிருந்தும் அந்தக் காரில் இருந்த இருவருமே தம் விருப்பப்படி அந்த நாட்டின் எல்லையைத் தாண்ட முடியாதவர்கள் என்பது உண்மை. இருவரையும் ஒரே ஆணின் அனுமதி பிடித்து வைத்திருந்தது.

பெண்களுக்கு அது வசதியாகத்தானே இருந்தது, டிரைவர் வைத்து உட்கார்ந்து போனார்களே என்பார்கள். டிரைவர் வைக்க முடிந்த வீடுகளுக்கு மட்டும்தான் அது வசதி. விசாச் செலவு, இகாமாக் கட்டணம், சம்பளம், தங்க இடம் எல்லாம் சேர்ந்தால் ஓர் ஆசிரியையின் சம்பளத்தில் பெரும்பங்கு அதற்கே போனது. அந்தப் பணம் இல்லாத விதவையும் மணமுறிவு பெற்றவரும் சின்ன வேலை பார்த்தவரும் டாக்ஸிக்குக் காத்து நின்றார்கள், இல்லையென்றால் வேலையையே விட்டார்கள். தொலைதூரக் கிராமப் பள்ளிகளுக்கு நியமிக்கப்பட்ட ஆசிரியைகள் விடியுமுன் கூட்டாக வேன் பிடித்து நெடுந்தூரம் போனார்கள். அந்தப் பயணங்களில் விபத்தில் இறந்தவர்கள் பலர். பல்கலைக்கழகங்களில் படித்தவர்களில் பெண்கள் ஏறத்தாழப் பாதிப் பேராக இருந்த நாட்டில், 2017-இல் வேலைக்குப் போன, வேலை தேடிய சவூதிப் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சில ஆண்டுகளிலேயே, 2022 முடிவதற்குள், அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. காரோட்டும் அனுமதி மட்டுமே இதைச் செய்துவிடவில்லை. வேலைச் சட்டங்கள் மாறின, புதிய துறைகள் திறந்தன, எண்ணெய் வருமானம் குறைந்து ஒரு சம்பளத்தில் குடும்பம் நடத்துவது கடினமாயிற்று. ஆனால் வேலைக்குப் போக வழியே இல்லாதவரிடம் வேலை இருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை.

மார்க்கம் சொன்னதை நாம் எப்படிக் கேள்வி கேட்பது என்று உங்களில் இறைநம்பிக்கை உள்ளவர்கள் தயங்கலாம். மார்க்கத்தின் பெயரால் ஒரு தடை நின்றதே தவிர, மார்க்க மூலங்களில் அதற்கு இடமில்லை. நபிகள் நாயகம் காலத்துப் பெண்கள் ஒட்டகத்தில் பயணம் போனார்கள். ஆயிஷா நாயகி 656-ஆம் ஆண்டு பஸ்ராவுக்கு அருகே நடந்த போரில் ஒட்டகத்தின் மீதிருந்தார்; அந்தப் போருக்கே ஜமல் போர் என்று பெயர் வந்தது அதனால்தான். சவூதி தடைபோட்டிருந்த காலம் முழுதும் இந்தோனேசியாவிலும் எகிப்திலும் பாகிஸ்தானிலும் குவைத்திலும், ஈரானிலும்கூட முஸ்லிம் பெண்கள் கார் ஓட்டினார்கள். சவூதிக்குள்ளேயே, தஹ்ரானில் அராம்கோ எண்ணெய் நிறுவனத்தின் வளாகத்துக்குள் பெண்கள் ஓட்டினார்கள். அங்கே வேலை பார்த்த மனால் அல் ஷரீஃப் 2011 மே மாதம் வளாகத்துக்கு வெளியே அல் கோபர் சாலையில் ஓட்டியதற்காகச் சிறைக்குப் போனார். மதில் சுவருக்கு உள்ளே ஆகுமானது வெளியே எப்படி ஹராம் ஆகும்? கடைசியாக 2017 செப்டம்பர் 26-ஆம் தேதி மன்னர் சல்மான் தடையை நீக்கி ஆணையிட்டபோது, மூத்த அறிஞர்கள் அவையில் பெரும்பான்மையோர் இதற்கு மார்க்கத்தில் தடை காணவில்லை என்பது அந்த ஆணையிலேயே குறிக்கப்பட்டது. குர்ஆனும் ஹதீஸும் இடையில் மாறிவிடவில்லை. அரசின் தேவை மாறியது.

சாலையில் பெண்ணுக்கு ஆபத்து என்ற வாதத்தை நான் நீட்டி விவாதிக்கப் போவதில்லை. ஆண்கள் மட்டுமே ஓட்டிய 2016-இல் சவூதிச் சாலைகளில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். அந்தச் சாலைகளின் வேகத்தை நீங்கள் அறிவீர்கள். காரோட்டினால் பெண்ணின் சினைப்பை பாதிக்கப்படும் என்று 2013-இல் ஸாலிஹ் அல் லுஹைதான் என்ற அறிஞர் சொன்னதற்கு எந்த மருத்துவச் சான்றும் இல்லை. சான்று இல்லாத இடத்தில் அச்சத்தை வைத்துத் தடுப்பதுதான் அந்த வாதம் முழுவதும்.

இன்னொரு வாதம் இதைவிட வலுவானது, அதற்குரிய மரியாதையோடு அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பிரித்து வைத்ததால்தான் பழைமையில் ஊறிய குடும்பங்கள்கூடப் பெண்ணைப் படிக்க அனுப்பின, தனிப் பள்ளி இல்லையென்றால் அந்தப் படிப்பே இல்லை என்கிறார்கள். இது பெரிதும் உண்மை. 1960-இல் அரசுப் பெண்கள் பள்ளிகள் தொடங்கியபோது எதிர்ப்பு கடுமையாக இருந்தது. மார்க்க அறிஞர்களின் பொறுப்பில் தனியாக நடத்தப்படும் என்று உறுதி கொடுத்த பிறகே அவை வளர்ந்தன. ஆனால் தனிப் பள்ளி வேறு, அதை நடத்துகிறவர் எவர் என்பது வேறு. 2002 மார்ச் 11-ஆம் தேதி மக்காவில் ஒரு பெண்கள் பள்ளியில் தீப்பிடித்து 15 மாணவிகள் இறந்தார்கள். அபாயா அணியாமல் ஓடிவந்த சிறுமிகளை முத்தவ்வாக்கள் என்ற மார்க்கக் காவலர்கள் தடுத்தார்கள், மீட்கப் போனவர்களையும் மறித்தார்கள் என்று சவூதிப் பத்திரிகைகளே எழுதின. சாவுக்கு அது காரணமில்லை என்று அரசு விசாரணை சொன்னது. நெரிசலும் பூட்டிய வாசலும் போதிய வழியில்லாத கட்டடமும் காரணம் என்று வைத்துக்கொண்டாலும் என் கேள்வி மாறாது. பெண்கள் நுழையும் கட்டடத்துக்கு வாசல் எத்தனை, சாவி யாரிடம் என்பதை அவர்களிடம் கேட்காமலே தீர்மானிக்கிற ஏற்பாட்டில், ஆபத்து வரும்போது பொறுப்பேற்க யாரும் இருப்பதில்லை. அந்தத் தீக்குப் பிறகு பெண்கல்வி மார்க்க அறிஞர்களின் பொறுப்பிலிருந்து எடுக்கப்பட்டுக் கல்வி அமைச்சகத்திடம் போயிற்று. தனிப் பள்ளிகள் தொடர்ந்தன. தனித்திருக்க விரும்பும் பெண்ணுக்குத் தனி இடம் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. அங்கிருந்து வெளியே வரவும் அவள் விருப்பம் போதுமானதாக இருக்க வேண்டும்.

சமூகம் இன்னும் தயாராகவில்லை என்ற பதிலைச் சவூதி அரசு பல ஆண்டுகள் சொல்லிவந்தது. 2016 ஏப்ரலில்கூட இன்றைய பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான் அதையே சொன்னார். ஒன்றரை ஆண்டுக்குள் ஆணை வந்தது. எந்தக் கலவரமும் நடக்கவில்லை. அரசு விரும்பிய நாளில் சமூகம் தயாராகிவிட்டது. ஆனால் அந்த நாள் எப்படி வந்தது என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. தடை நீங்க ஐந்தாறு வாரம் இருக்கும்போது, 2018 மே மாதம், அதற்காகப் போராடிய பெண்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். லுஜைன் அல் ஹத்லூல் அவர்களில் ஒருவர். ஐக்கிய அமீரகத்திலிருந்து காரோட்டி எல்லைக்கு வந்ததற்காக 2014 டிசம்பரிலேயே பிடிபட்டு 73 நாள் அடைக்கப்பட்டிருந்தவர். இம்முறை சிறையில் சித்திரவதை நடந்ததாக அவர் குடும்பத்தார் சொன்னார்கள், அரசு மறுத்தது. 2020 டிசம்பரில் அவருக்கு 5 ஆண்டு 8 மாதத் தண்டனை விதிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் வெளியே விட்டார்கள், ஆனால் நாட்டை விட்டுப் போகத் தடை வைத்தார்கள். பெண் காரோட்டலாம், ஆனால் அது அவள் கேட்டு வாங்கிய உரிமையாக இருக்கக்கூடாது, கொடுக்கப்பட்ட அனுமதியாகவே இருக்க வேண்டும் என்ற செய்தி எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. 2019 ஆகஸ்டில் 21 வயது நிரம்பிய பெண் தானே பாஸ்போர்ட் எடுக்கவும் பயணம் போகவும் வழி பிறந்தது. அது பெரிய மாற்றம், குறைத்துச் சொல்ல மாட்டேன். இருந்தும் 2022-இல் வந்த குடும்பச் சட்டம் பெண்ணின் திருமணத்தை வலீயின் கையிலேயே விட்டிருக்கிறது.

அந்தப் பெண்கள் ஓட்டத் தொடங்கியதால் எங்கள் வேலை போயிற்றே என்ற உங்கள் வருத்தத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். கடன் வாங்கி விசா எடுத்தவர்கள், தங்கை கல்யாணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் பணம் அனுப்பியவர்கள் உங்களில் பலர். வேலை நின்றுபோனவருக்கு ஈட்டுத்தொகையும் பாக்கிச் சம்பளமும் கிடைக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படிக் கேட்க உங்களுக்கு வலுவில்லாமல் செய்தவர்கள் காரோட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் இல்லை. 2021 மார்ச்சில் சவூதி தன் தொழிலாளர் விதிகளைத் தளர்த்தி, தனியார் நிறுவன ஊழியர்கள் கஃபீலின் சம்மதமின்றி வேலை மாறவும் ஊர் போய் வரவும் வழி செய்தபோது, வீட்டு வேலைக்காரர்களையும் ஹவுஸ் டிரைவர்களையும் அதில் சேர்க்கவில்லை. பின் இருக்கையில் இருந்தவரின் கட்டு கொஞ்சம் தளர்ந்த பிறகும் உங்கள் கட்டு அப்படியே இருந்தது. கோபத்தை எங்கே செலுத்த வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

இந்தக் கதை சவூதியோடு முடியவில்லை. ஆப்கானிஸ்தானில் இப்போது நடப்பதும் உங்கள் தொழிலைச் செய்பவர்களை நேரடியாகத் தொடுகிறது. 72 கிலோமீட்டருக்கு மேல் போகும் பெண்ணோடு நெருங்கிய ஆண் உறவினர் இருக்க வேண்டும் என்று தாலிபான் அரசு 2021 டிசம்பரில் அறிவித்தது. ஹிஜாப் இல்லாத பெண்ணை வண்டியில் ஏற்றக்கூடாது என்று டிரைவர்களுக்குச் சொன்னது. 2022-இல் ஹெராத் நகரில் பெண்களுக்கு லைசென்ஸ் கொடுப்பதை நிறுத்தச் சொன்னார்கள். 2024 ஆகஸ்டில் வந்த ஒழுக்கச் சட்டம் மஹ்ரம் இல்லாத பெண்ணை ஏற்றுவதையே டிரைவர்களுக்குத் தடைசெய்தது. கூலிக்கு வண்டி ஓட்டும் ஏழை மனிதரைப் பெண்ணின் காவல்காரராக்கி, மறுத்தால் அவரையே தண்டிக்கிற ஏற்பாடு இது. சவூதி உங்களைக் கொண்டு பெண்களைச் சுமக்க வைத்தது. காபூல் அந்த டிரைவர்களைக் கொண்டு பெண்களை இறக்கிவிட வைக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். ஊரில் திண்ணையிலோ ஜமாஅத் கூட்டத்திலோ டீக்கடையிலோ யாராவது, அந்த நாட்டைப் போலப் பெண்களைக் கட்டுப்பாட்டில் வைத்தால்தான் பாதுகாப்பு என்று சொன்னால், பேசாமல் இருக்காதீர்கள். அங்கே வண்டி ஓட்டியவர்கள் நீங்கள், சொன்னவர் இல்லை. அந்தக் கட்டுப்பாடு உங்களையும் எப்படி வைத்திருந்தது என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். இன்னும் அங்கே இருப்பவர்கள், வேலை மாறும் உரிமை ஹவுஸ் டிரைவர்களுக்கும் வேண்டும் என்று நம் தூதரகத்திடமும் ஊரிலுள்ள மக்கள் பிரதிநிதிகளிடமும் எழுதிக் கேளுங்கள். திரும்பி வந்தவர்கள் உங்கள் மனைவிக்கும் தங்கைக்கும் மகளுக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுங்கள். லைசென்ஸை அவர்கள் பெயரில் எடுத்து, சாவியை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.